திறன்பேசி இயங்குதளப் போட்டியும் தமிழகத் தொழிற்சாலைகளும்: ஸ்ரீபெரும்புதூர் முதல் போச்சம்பள்ளி வரை

திறன்பேசியின் வன்பொருளை இயக்கிச் செயலிகளுக்கு இடம் தரும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம் எனப்படுகிறது. சிம்பியன், பிளாக்பெர்ரி, விண்டோஸ் போன், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் ஆகிய இயங்குதளங்கள் சந்தைப் பங்குக்காக நடத்திய போட்டி பெரும்பாலும் கலிபோர்னியா, பின்லாந்து நிறுவனங்களின் கதையாகவே எழுதப்படுகிறது. அந்தப் போட்டியின் விளைவுகளைத் தமிழ்நாடும் நேரடியாக அனுபவித்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பெரிய ஆலை மூடப்பட்டதற்கும், பத்தாண்டுகளுக்குள் ஓசூர், கிருஷ்ணகிரி, போச்சம்பள்ளி வட்டாரத்தில் புதிய ஆலைகள் எழுந்ததற்கும் இந்தப் போட்டியோடு தொடர்பு உண்டு.

சிம்பியனின் காலம்

1998ஆம் ஆண்டு நோக்கியா, எரிக்சன், மோட்டோரோலா, சையான் ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து லண்டனில் சிம்பியன் நிறுவனத்தைத் தொடங்கின. சையானின் கையடக்கக் கணினிகளில் இயங்கிய ஈபாக் என்ற மென்பொருளே இதன் வேர். மின்கலத்தையும் நினைவகத்தையும் மிகச் சிக்கனமாகப் பயன்படுத்தும்படி சிம்பியன் வடிவமைக்கப்பட்டது. 2007இல் உலகில் விற்ற திறன்பேசிகளில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை சிம்பியனில் இயங்கின. 2008இல் நோக்கியா சிம்பியனை முழுமையாக வாங்கியது.

அதற்குள் களம் மாறத் தொடங்கியிருந்தது. 2007 ஜனவரி 9 அன்று ஆப்பிள் ஐபோனை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் கூகுள் பல நிறுவனங்களுடன் கூட்டமைப்பு ஒன்றை உருவாக்கி ஆண்ட்ராய்டை அறிவித்தது. 2003இல் ஆண்டி ரூபின் உள்ளிட்டோர் தொடங்கி, 2005இல் கூகுள் வாங்கிய சிறு நிறுவனத்தின் படைப்பு அது. 2008 ஜூலையில் ஆப்பிள் 500 செயலிகளுடன் தன் செயலிக் கடையைத் திறந்தபோது போட்டியின் விதியே மாறிவிட்டது. அதுவரை நல்ல ஒலிவாங்கி, உறுதியான உடல், நீடித்த மின்கலம் ஆகியவை ஒரு பேசியை விற்றன. அதன் பிறகு அந்தப் பேசிக்கு எத்தனை பேர் செயலி எழுதுகிறார்கள் என்பதே விற்பனையைத் தீர்மானித்தது. பழைய காலத்தின் சிக்கனத்துக்காகச் செதுக்கப்பட்ட சிம்பியனில் செயலி எழுதுவது கடினம். தொடுதிரைக்கு ஏற்ப அதை மாற்றுவது அதைவிடக் கடினம். சிம்பியனின் உலகப் பங்கு 2009இல் ஏறத்தாழ 47 விழுக்காடாகவும் 2010இல் 38 விழுக்காட்டுக்குக் கீழும் இறங்கியது.

இந்தியாவில் இந்த மாற்றம் தாமதமாகவே உணரப்பட்டது. 2008 ஆகஸ்டில் ஏர்டெல், வோடபோன் வழியாக ஐபோன் 3ஜி விற்பனைக்கு வந்தபோது அதன் தொடக்க விலை ரூ. 31,000. அமெரிக்காவில் ஈராண்டு ஒப்பந்தத்துடன் 199 டாலருக்குக் கிடைத்த பேசி அது. இங்கோ ஒப்பந்த விற்பனை முறை வேரூன்றவில்லை. பேசியின் முழு விலையையும் வாங்குபவரே முதல் நாளில் கொடுக்க வேண்டியிருந்தது. இந்தியச் சந்தையில் எந்த இயங்குதளம் வெல்லும் என்பதை இந்த ஒரு வழக்கமே பெருமளவு முடிவு செய்துவிட்டது எனலாம்.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை

2005இல் தமிழ்நாடு அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட நோக்கியா, சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூர் சிப்காட்டில் ஆலை அமைத்து 2006 தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. ஆலையைச் சுற்றி பாக்ஸ்கான், சால்காம்ப், பெர்லோஸ் போன்ற உதிரிபாக நிறுவனங்களும் வந்தன. சுற்று மாவட்டக் கிராமங்களிலிருந்து பள்ளிப்படிப்பு முடித்த இளைஞர்கள், குறிப்பாகப் பெண்கள், நிறுவனப் பேருந்துகளில் வேலைக்கு வந்தார்கள். குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர்கள் அவர்களில் பலர்.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் ஆலை பெரும்பாலும் தயாரித்தது திறன்பேசிகளை அல்ல, பொத்தான் வைத்த எளிய பேசிகளையே. இயங்குதளப் போட்டியில் நோக்கியா தோற்றதால் சிம்பியன் பேசி செய்த தொழிலாளர் வேலையிழந்தார் என்று நேர்க்கோடு போட்டுவிட முடியாது. நடந்தது சற்றுச் சுற்று வழியானது.

2010 செப்டம்பரில் மைக்ரோசாப்ட் நிறுவனத்திலிருந்து வந்து நோக்கியாவின் தலைமைப் பொறுப்பேற்ற ஸ்டீபன் எலோப், 2011 பிப்ரவரியில் ஊழியர்களுக்கு ஒரு மடல் எழுதினார். தீப்பற்றி எரியும் எண்ணெய்த் துரப்பண மேடையில் நிற்பவனின் நிலைக்கு நோக்கியாவை ஒப்பிட்ட அந்த மடல் உலகப் புகழ் பெற்றது. சில நாள்களில், 2011 பிப்ரவரி 11 அன்று, சிம்பியனைக் கைவிட்டு மைக்ரோசாப்டின் விண்டோஸ் போனை ஏற்பதாக நோக்கியா அறிவித்தது. புதிய லூமியா பேசிகள் கடைக்கு வரப் பல மாதங்கள் இருக்கும்போதே பழையதை முடிந்துபோனதாக அறிவித்தது வணிக அறிவுக்குப் பொருந்தாத செயல். கைவிடப்படப்போகும் இயங்குதளத்தில் முழு விலை கொடுத்துப் பேசி வாங்க யாரும் விரும்பவில்லை. விற்பனை சரிந்தது.

எளிய பேசிகளின் பக்கத்தைக் காப்பாற்ற 2011இல் ஆஷா என்ற வரிசையை நோக்கியா கொண்டுவந்தது. நம்பிக்கை எனப் பொருள்படும் இந்திச் சொல் அது. ஆனால் மைக்ரோமேக்ஸ், கார்பன், லாவா போன்ற இந்திய நிறுவனங்கள் சீனாவில் தயாரான மலிவு ஆண்ட்ராய்டு பேசிகளை அதே விலை வரம்பில் இறக்கத் தொடங்கியிருந்தன. இரண்டு சிம் அட்டை போடும் வசதியையும் அவை முன்பே கொடுத்தன. இந்தியர்கள் எதிர்பார்த்த அந்தச் சிறு வசதியைத் தருவதில் நோக்கியா பிந்தியது.

2013 செப்டம்பரில் நோக்கியாவின் பேசிப் பிரிவை 544 கோடி யூரோவுக்கு வாங்குவதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. 2014 ஏப்ரல் 25 அன்று அந்த விற்பனை நிறைவேறியது. ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. காரணம் ஒரு வரி வழக்கு. பேசிகளில் ஏற்றப்படும் மென்பொருளுக்காகப் பின்லாந்தின் தாய் நிறுவனத்துக்கு இந்திய நிறுவனம் செலுத்திய தொகை உரிமத்தொகையா, அதற்கு இங்கே வரி பிடித்தம் செய்திருக்க வேண்டுமா என்பதே வழக்கின் மையக் கேள்வி. 2013இல் வருமான வரித்துறை ரூ. 2,080 கோடி கேட்டது. மாநில அரசின் மதிப்புக்கூட்டு வரிக் கோரிக்கையும் சேர்ந்துகொண்டது. ஆலையை மாற்றிக்கொடுக்க ரூ. 3,500 கோடிக்கு உத்தரவாதம் தரவேண்டும் என்ற டெல்லி உயர் நீதிமன்ற நிபந்தனையை எதிர்த்து நோக்கியா செய்த முறையீடு 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. பேசிக்குள் இருந்த மென்பொருளே ஆலையின் கழுத்தில் வழக்காகத் தொங்கியது.

உரிமையாளர் நோக்கியா, வாங்குபவர் மைக்ரோசாப்ட் என்ற ஒப்பந்த வேலையாக ஆலை சில மாதங்கள் ஓடியது. விருப்ப ஓய்வுத் திட்டத்தில் ஏறத்தாழ 5,000 பேர் வெளியேறினார்கள். விருப்பம் என்பது ஆவணத்தில் இருந்த சொல். தொழிற்சங்கம் அதை வேறுவிதமாகவே பார்த்தது. 2014 ஜூலையில் ஆஷா உள்ளிட்ட பேசிகளை நிறுத்தப்போவதாக மைக்ரோசாப்ட் முடிவெடுத்தது. அந்த முடிவோடு ஆலைக்கு வேலை கொடுக்க ஆளில்லாமல் போனது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. அடுத்த மாதம் பாக்ஸ்கானின் ஸ்ரீபெரும்புதூர்ப் பிரிவும் வேலையை நிறுத்தியது. இருபதுகளின் நடுவில் இருந்த ஆயிரக்கணக்கானோர், பேசி இணைக்கும் திறமையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, பேசி ஆலையே இல்லாத மாவட்டத்தில் நின்றார்கள்.

விண்டோஸ் போன் அதன் பிறகும் மீளவில்லை. லூமியா 520 போன்ற விலை குறைந்த பேசிகளால் 2013இல் இந்தியாவில் அது ஐபோனை விட அதிகம் விற்ற காலமும் உண்டு. ஆனால் செயலி எழுதுபவர்கள் மூன்றாவது தளத்துக்காக உழைக்கத் தயாராக இல்லை. 2015இல் நோக்கியா கொள்முதல் தொடர்பாக 760 கோடி டாலரை மைக்ரோசாப்ட் இழப்பாக எழுதித் தள்ளியது. வரி வழக்கு 2018இல் இரு நாட்டு உடன்பாட்டு வழியில் முடிந்தது. வெறிச்சோடிக் கிடந்த ஆலையை 2019இல் சால்காம்ப் எடுத்துக்கொள்வதாக அறிவிக்கப்பட்டது. ஆப்பிளுக்கு மின்னேற்றி செய்து கொடுக்கும் நிறுவனம் அது.

ஆண்ட்ராய்டு பரவிய விதம்

ஆண்ட்ராய்டின் மூல நிரல் இலவசம். பேசி செய்பவர் இயங்குதளத்துக்கு உரிமக் கட்டணம் கொடுக்க வேண்டியதில்லை. கூகுளின் செயலிக் கடையும் தேடலும் வரைபடமும் வேண்டுமானால் கூகுளின் செயலித் தொகுப்பை மொத்தமாக ஏற்ற வேண்டியிருந்தது. இந்த ஏற்பாட்டுடன் தைவானின் மீடியாடெக் போன்ற நிறுவனங்கள் தயார்நிலைச் சில்லுத் தொகுப்புகளை வழங்கியதும் சேர்ந்தபோது, சொந்த மென்பொருள் பிரிவே இல்லாத நிறுவனம்கூடத் திறன்பேசி விற்க முடிந்தது. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை, ஆண்ட்ராய்டு பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த காலத்தில் ஆண்ட்ராய்டு ஒன் திட்டம் 2014 செப்டம்பரில் உலகிலேயே முதலில் இந்தியாவில் தொடங்கப்பட்டது. மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் ஆகியவை ரூ. 6,399 விலையில் அந்தப் பேசிகளை வெளியிட்டன.

போட்டியாளர்களும் முயன்றார்கள். 2014இல் இன்டெக்ஸ் நிறுவனம் பயர்பாக்ஸ் இயங்குதளத்தில் ரூ. 1,999க்கு ஒரு பேசி விற்றது. 2015 ஜனவரியில் சாம்சங் தன் டைசன் இயங்குதளத்தின் முதல் திறன்பேசியை இந்தியாவிலேயே ரூ. 5,700க்கு வெளியிட்டது. இரண்டும் நிலைக்கவில்லை. பயர்பாக்ஸ் முயற்சியின் கிளையான கய் ஓஎஸ் மட்டும் 2017இல் வந்த ஜியோபோனின் தயவில் சில காலம் ஐஓஎஸ்ஸைப் பின்தள்ளி இந்தியாவின் இரண்டாம் இடத்தைப் பிடித்தது. ஜியோவின் மலிவான 4ஜி இணையம் மக்களை முழுத் திறன்பேசிக்குப் பழக்கியபின் அந்த இடமும் கரைந்தது.

இன்று இந்தியாவின் கைபேசி இணையப் பயன்பாட்டில் ஆண்ட்ராய்டின் பங்கு சுமார் 95 விழுக்காடு. உலக அளவில் அது 70 விழுக்காட்டை ஒட்டியே உள்ளது. இந்த ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு ரூ. 1,337.76 கோடி அபராதம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது, ஆணையத்தின் நான்கு கட்டளைகளை மட்டும் நீக்கியது. அதே ஆண்டு ஜனவரியில் சென்னை ஐஐடியின் அரவணைப்பில் உருவான பாரோஸ் என்ற உள்நாட்டு இயங்குதளம் அறிமுகமானது. அதுவும் ஆண்ட்ராய்டின் மூல நிரல் மீதே கட்டப்பட்டது. பொதுச் சந்தையில் அதன் தடம் மிகச் சிறியது.

எல்லைப் பகுதிக்கு வந்த ஐபோன்

இந்தியாவில் ஐபோனின் விற்பனைப் பங்கு, 2024ஆம் ஆண்டு முழுமைக்கும் கணக்கிட்டால், பத்தில் ஒரு பங்குக்குக் கீழே. ஆனாலும் தமிழ்நாட்டின் மின்னணுத் தொழில் இன்று பெருமளவு ஐபோனைச் சார்ந்தே நிற்கிறது. ஓரிடத்தில் ஒரு பொருள் எவ்வளவு விற்கிறது என்பதும் அது அங்கே தயாரிக்கப்படுமா என்பதும் வெவ்வேறு கணக்குகள். ஐஓஎஸ் வேறு எவருக்கும் உரிமம் தரப்படாத இயங்குதளம். அது ஓடும் ஒவ்வொரு கருவியையும் ஆப்பிள் ஒன்றே செய்விக்க வேண்டும். அந்த வேலை ஏறக்குறைய முழுவதும் சீனாவில் குவிந்து கிடந்தது. அமெரிக்க–சீன வணிகப் பூசலும் பெருந்தொற்றுக் கால முடக்கங்களும் அந்தக் குவியலைக் கலைக்கத் தூண்டின. இந்திய அரசு 2020 ஏப்ரலில் அறிவித்த உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டம், வெளிநாட்டு நிறுவனங்களைப் பொறுத்தவரை ரூ. 15,000க்கு மேல் விலையுள்ள பேசிகளுக்கே பொருந்தியது. விலை உயர்ந்த பேசிகளை மட்டும் விற்கும் ஆப்பிளுக்கு அது இயல்பாகவே வாய்த்தது.

2017இல் விஸ்ட்ரான் பெங்களூரில் ஐபோன் எஸ்இ தயாரிப்பைத் தொடங்கியது. 2019இல் பாக்ஸ்கான் சுங்குவார்சத்திரம் ஆலையில் ஐபோன் எக்ஸ்ஆர் செய்தது. 2022இல் பெகாட்ரான் செங்கல்பட்டு மாவட்ட மகிந்திரா சிட்டியில் ஆலை திறந்தது. ஓசூர் வேறு வகையில் இந்த வரிசையில் சேர்ந்தது. 2020இல் தொடங்கப்பட்ட டாட்டா எலக்ட்ரானிக்ஸ், தேன்கனிக்கோட்டை வட்டத்தில் திம்ஜேப்பள்ளி அருகே ஐபோனின் வெளிக்கூடு செய்யும் ஆலையை நிறுவியது. வெளிக்கூடு என்றால் நெகிழி மூடி அல்ல. அலுமினியக் கட்டியைக் கணினிவழிக் கடைசல் எந்திரங்களில் நுண்ணளவு பிசகாமல் குடைந்து, மின்வேதி முறையில் நிறமேற்றும் வேலை அது.

இந்த வேலைக்கு ஓசூர் தற்செயலாகத் தேர்வானதல்ல. டிவிஎஸ், அசோக் லேலண்ட் ஆகிய ஆலைகளுக்காக வளர்ந்த கடைசல் பட்டறைகளும் அச்சுக்கருவிக் கூடங்களும் அங்கே நாற்பதாண்டுகளாக உள்ளன. டாட்டா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் கூட்டாக 1984இல் தொடங்கிய டைட்டன் கைக்கடிகார நிறுவனத்தின் ஆலையும் அங்கேதான். பெங்களூரின் எச்எம்டி, சாவி கொடுக்கும் கடிகாரங்களால் நாட்டை ஆண்டுகொண்டிருந்தபோது, டைட்டன் குவார்ட்ஸ் தொழில்நுட்பத்தைக் கையிலெடுத்து அதை ஓரங்கட்டியது. ஒரு பொருளின் உள்ளே ஓடும் பொறியமைப்பு மாறும்போது பழைய அரசன் வீழ்வதை இந்த எல்லைப் பகுதி சிம்பியனுக்கு இருபதாண்டுகள் முன்பே பார்த்துவிட்டது.

2023இல் கோலார் மாவட்டம் நரசாபுராவிலுள்ள விஸ்ட்ரான் ஆலையை டாட்டா வாங்கியது. 2025இல் பெகாட்ரானின் இந்தியப் பிரிவிலும் பெரும்பான்மைப் பங்கைப் பெற்றது. ஓசூரிலும் ஐபோன் இணைப்புப் பணி அதே ஆண்டில் தொடங்கியது. 2024–25 நிதியாண்டில் தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 1,465 கோடி டாலரைத் தொட்டு நாட்டில் முதலிடம் பெற்றது.

எண்ணிக்கைக்கு மறுபக்கமும் உண்டு. 2020 டிசம்பரில் நரசாபுராவில் சம்பள நிலுவை தொடர்பான கோபம் ஆலையை உடைக்கும் அளவுக்குப் போனது. 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் தொழிலாளர் விடுதியொன்றில் உணவு ஒவ்வாமையால் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட, பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். ஆலைக்குள் நுண்ணளவு பிசகையும் பொறுக்காத நிறுவனங்களின் கண்ணுக்கு விடுதிச் சமையலறை அதுவரை தட்டுப்படவில்லை. அதன் பிறகே விடுதிகள் பேசுபொருளாயின. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. திம்ஜேப்பள்ளி ஆலையில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோரும் பெண்களே. ஜார்க்கண்டின் பழங்குடிப் பகுதிகளிலிருந்தும் பலர் வந்துள்ளனர். 2024 செப்டம்பர் 28 அன்று அந்த ஆலையில் ஏற்பட்ட தீ விபத்தால் உற்பத்தி நின்றது. ஓசூரின் ஓர் ஆலையில் தீப்பிடித்ததை உலகப் பங்குச் சந்தைச் செய்திகள் அன்று உடனுக்குடன் சொல்லின.

ஒரே வாடிக்கையாளரைச் சார்ந்த ஆலைகள் என்ற வகையில் இன்றைய நிலைமை 2010ஆம் ஆண்டின் ஸ்ரீபெரும்புதூரை நினைவூட்டுகிறது. வேறுபாடும் உண்டு. அன்று இணைப்பு வேலை மட்டுமே இங்கே நடந்தது, முக்கிய உதிரிபாகங்கள் கப்பலில் வந்தன. இன்று உலோக வேலை ஓசூரிலேயே நடக்கிறது. அந்த எந்திரங்களும் கைகளும் நாளை வேறொரு நிறுவனத்துக்கும் பயன்படக் கூடியவை.

போச்சம்பள்ளி: சக்கரத்தில் ஓடும் இயங்குதளம்

இணையத்தில் போச்சம்பள்ளி என்று தேடினால் தெலங்கானாவின் பட்டுச் சேலைகளே முதலில் வரும். கிருஷ்ணகிரி மாவட்டப் போச்சம்பள்ளி வேறு. மாந்தோப்புக்கும் தென்னைக்கும் வாரச்சந்தைக்கும் பெயர் பெற்ற வட்டத் தலைநகரம் அது. அங்குள்ள சிப்காட் பகுதியில் ஓலா எலக்ட்ரிக் நிறுவனம் ரூ. 2,400 கோடி முதலீட்டில் 500 ஏக்கரில் மின்சார ஸ்கூட்டர் ஆலை அமைக்க 2020 டிசம்பரில் ஒப்பந்தம் செய்தது. பெண்களே நடத்தும் ஆலை என்று 2021 செப்டம்பரில் அது அறிவிக்கப்பட்டது.

திறன்பேசிப் போட்டி இங்கே வேறு உருவில் தொடர்கிறது. ஓலா தன் வண்டிகளுக்கு மூவ்ஓஎஸ் என்ற சொந்த இயங்குதளத்தை வைத்துள்ளது. 2021 டிசம்பரில் முதல் வண்டிகள் வாங்கியவர்களுக்கு, விளம்பரத்தில் சொன்ன வழிகாட்டி, இசை, துணைச் செயலி போன்ற வசதிகள் 2022 ஜூனில் வந்த இரண்டாம் பதிப்பில்தான் கிடைத்தன. பொருளை முதலில் விற்று வசதியைப் பிறகு இணையத்தில் அனுப்பும் வழக்கம் திறன்பேசி உலகிலிருந்து வந்தது. பேசியில் அது சிறு எரிச்சல். சாலையில் ஓடும் வண்டியில் வாடிக்கையாளரின் பொறுமை அவ்வளவு நீளாது. அதே மாவட்டத்தில் ஓசூரில் ஆலை வைத்திருக்கும் ஏத்தர் எனர்ஜி, சென்னை ஐஐடி முன்னாள் மாணவர்கள் தொடங்கிய நிறுவனம். அது 2020இல் வெளியிட்ட 450எக்ஸ் வண்டியின் திரையில் ஆண்ட்ராய்டின் மூல நிரலைப் பயன்படுத்திக் கூகுள் வரைபடத்தைக் கொண்டுவந்தது. எல்லாவற்றையும் தானே செய்வதா, திறந்த தளத்தின் மேல் கட்டுவதா என்று 2008இல் பேசி நிறுவனங்கள் எதிர்கொண்ட கேள்வியே இது.

மொழி

தமிழில் எழுதவும் படிக்கவும் எந்தப் பேசி உதவும் என்பதும் இந்தப் போட்டியின் ஒரு களம். தொடக்கக் காலத் திறன்பேசிகளில் தமிழ் எழுத்துகள் கட்டங்களாகவோ, கொம்பும் காலும் இடம் மாறியோ தெரிந்தன. மலேசியத் தமிழரான முத்து நெடுமாறனின் அஞ்சல், தமிழ்99 விசைப்பலகைகள் 2013இல் ஐஓஎஸ் 7உடன் ஐபோனிலேயே சேர்ந்து வந்தன. ஆண்ட்ராய்டு, 2014இல் வெளியான ஐந்தாம் பதிப்பில் பட்டியல்கள், அமைப்புகள் அனைத்தையும் தமிழில் காட்டும் வசதியைத் தந்தது. ஐபோனின் இடைமுகம் முழுவதும் தமிழில் கிடைக்க 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் திம்ஜேப்பள்ளி ஆலை ஐபோன் கூடுகளைச் செய்யத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன.